வாய்க்கால்ல இருக்குற வரி நத்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்டுக்குப் பின்னாடி காவிரி தண்ணி வர்ற ஒரு கிளை வாய்க்கா ஓடுது. அங்க படித்துறை கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்குற பச்சையும் பழுப்பும் கலந்த நத்தைய பத்தி யாராவது எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க, தின்னலாமா, நாத்த திங்குமா, மீன் தொட்டில போடலாமான்னு. எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் எழுதி வச்சிட்டா நல்லதுன்னு தோணுச்சு.

எந்த நத்தைய பத்தி பேசுறோம்?

கூம்பு மாதிரி சுருண்டு மேல போற ஓடு, பெருசானா 3, 4 சென்டிமீட்டர் உயரம். ஓட்டைச் சுத்தி கோடு போட்ட மாதிரி கரும்பச்சை, பழுப்பு வரி ஓடும், அதனாலதான் வரி நத்தைன்னு சொல்றேன். பாசி படிஞ்சிருந்தா வரி தெரியாது, கட்டைவிரலால ஒரு தேய் தேச்சு வெயில்ல காட்டுனா பளிச்சுன்னு தெரியும். குளம், ஏரி, வாய்க்கா, மெதுவா ஓடுற ஆறுன்னு இந்தியா முழுக்க இருக்கு, வங்கதேசம், நேபாளம், மியான்மர்லயும் இருக்கு. ஆத்து நத்தைக் குடும்பம்னு சொல்ற விவிபாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் டைனோசர் இருந்த ஜுராசிக் காலத்துலேர்ந்தே நல்ல தண்ணில இருக்கு, அப்போதைய ஓடுங்க பாறைல பதிஞ்சு கெடச்சிருக்கு.

சரியான பேர் என்ன? ஒவ்வொரு எடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்காங்களே?

1822-ல லாமார்க்னு ஒரு பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் இதுக்கு பாலுடினா பெங்காலென்சிஸ்னு பேர் வச்சாரு. அப்புறம் விவிபாரா, பெல்லாமியா, இப்ப ஃபைலோபாலுடினா பெங்காலென்சிஸ். நம்ம ஊர் காலேஜ் புக்குல இன்னும் பெல்லாமியாதான். எல்லாம் ஒரே நத்தைதான், கொழப்பிக்க வேணாம். பேர்ல வங்காளம் இருக்கேன்னு இது அங்கேர்ந்து இங்க வந்ததுன்னு நெனைக்காதீங்க, காவிரிலயும் இது சொந்த மண்ணு நத்தைதான். கூடவே வரியே இல்லாம ஒரே கலர்ல இதே ஜாடைல ஒண்ணு கெடைக்கும், அது டிஸ்ஸிமிலிஸ், இதோட பங்காளி.

தமிழ்ல பொதுவா எல்லாமே நத்தைதான், சில பக்கம் ஊமச்சின்னும் சொல்லுவாங்க, பழைய தமிழ்ல நந்து.

வயல் நத்தையும் இதுவும் ஒண்ணா?

இல்ல. வயல்ல உருண்டையா எலுமிச்சம்பழம் மாதிரி பெருசா இருக்கே, அது பைலா, வேற குடும்பம். சுலபமா பிரிக்கணும்னா வாயை மூடுற மூடிய பாருங்க. வரி நத்தையோட மூடி நகம் மாதிரி மெல்லிசா பழுப்பா இருக்கும், வளையம் வளையமா கோடு இருக்கும், விரல்ல வளைச்சா லேசா வளையும். பைலாவோட மூடி சுண்ணாம்பு ஏறி கனமா இருக்கும், வளையாது.

இன்னொரு பெரிய வித்தியாசம் மூச்சு. பைலாவுக்கு செவுளும் உண்டு, நுரையீரல் மாதிரி ஒரு அறையும் உண்டு, அதனால தண்ணிக்கு மேல குழாய் நீட்டி காத்து இழுக்கும், மழை பேஞ்சா வரப்பு ஏறி நடக்கும். வரி நத்தைக்கு செவுள் மட்டும்தான். தண்ணி கெட்டுப்போனா மேல வந்து மூச்சு வாங்கிக்கலாம்ங்கிற வசதி அதுக்கு இல்ல, இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்ற நெறைய பதிலுக்கு இதுதான் காரணம்.

இது முட்டையே போடாதா?

வெளிய போடாது. குட்டி போடும். எனக்கு இந்த நத்தை மேல ஆசை வந்ததே இதாலதான். சின்ன வயசுல வாத்துக்குப் போட பெரியம்மா கல்லுல நத்தை ஒடைப்பாங்க. ஒருநாள் ஒடைஞ்ச நத்தைக்குள்ளேர்ந்து கொத்தமல்லி விதை சைஸ்ல ஒரு பத்து பதினஞ்சு குட்டி நத்தை சிதறி விழுந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஓடு, மூடி, எல்லாம் தயாரா. ஒண்ணு ரெண்டு அந்த ஈரக் கல்லுலயே கொம்ப நீட்டி நகர ஆரம்பிச்சுது. பெரியம்மா கல்லக் கீழ வச்சிட்டு, "இது புள்ளத்தாச்சிடா"ன்னு சொல்லி, அள்ளிட்டுப் போயி வாய்க்கால்ல விட்டாங்க.

உள்ள நடக்குறது இதுதான். முட்டை தாயோட கருப்பைக்குள்ளயே தங்கிடும், முட்டையச் சுத்தி ஊட்டமான வெள்ளைக்கரு மாதிரி ஒண்ணு இருக்கும், கரு அத சாப்பிட்டே வளரும். எல்லாம் ஒரே வயசு இல்ல. வாசல் பக்கம் பொறக்கத் தயாரா இருக்குற பெரிய குட்டி, அதுக்குப் பின்னாடி சின்னது, இன்னும் உள்ள வெறும் முட்டைன்னு வரிசைல நிக்கும். அதனால ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டாது, ஒண்ணு ரெண்டா விட்டுக்கிட்டே இருக்கும். பொறந்த குட்டிய லென்ஸ் வச்சு பாருங்க, ஓட்டு மேல பொடி முடி வரிசையா இருக்கும், வளர வளர தேஞ்சு போயிடும்.

ஆனா இதுல ஒரு பலவீனமும் இருக்கு. ஆயிரக்கணக்குல முட்டை போடுற ஜீவன்னா பத்து செத்தாலும் ஈடு கட்டிடும், இது கொஞ்சமா பெத்து பத்திரமா வளக்குற ஜாதி. ஒரு பெரிய பொண்ணு நத்தைய எடுத்தா அதோட சேத்து அடுத்த தலைமுறையும் போச்சு.

ஆண் பெண் எப்படி கண்டுபிடிக்கிறது?

வெளிய வந்து நகரும்போது ரெண்டு கொம்பையும் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஒல்லியா நீளமா இருந்தா பொண்ணு. வலது கொம்பு மட்டும் குட்டையா தடிமனா இருந்தா ஆண், அந்தக் கொம்புதான் அதோட இனப்பெருக்க உறுப்பு. ஓட்டை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

என்ன சாப்பிடுது? தண்ணிய சுத்தம் பண்ணும்னு சொல்றாங்களே?

நாக்குல அரம் மாதிரி பல் வரிசை இருக்கு, அத வச்சு கல்லு, இலை, சேறு மேல இருக்குற பாசி, அழுகுன பொருள் எல்லாத்தையும் சுரண்டித் தின்னும். கண்ணாடி ஜாடில விட்டு வெளிப்பக்கம் பாத்தா வாயத் தொறந்து தொறந்து நக்குறது தெரியும், போன வழியில கோடு கோடா தடம் விழுந்திருக்கும்.

இது பாதிதான். இந்தக் குடும்பத்து நத்தைங்க செவுள வச்சு தண்ணில மெதக்குற பொடிப் பாசியையும் வடிகட்டித் தின்னும். செவுள் வழியா தண்ணி போகும்போது துகளெல்லாம் சளில ஒட்டி நூல் மாதிரி திரளும், ஒரு சின்ன வாய்க்கா மாதிரி பள்ளத்துல நகந்து வாய்ப்பக்கம் வரும், அத எடுத்து முழுங்கிடும். பச்சையா கலங்குன வாய்க்கா தண்ணி ரெண்டு ஜாடி எடுத்து ஒண்ணுல மட்டும் நாலு நத்தை விட்டு வச்சேன், மறுநாள் காலைல அந்த ஜாடிக்குப் பின்னாடி வச்ச காலண்டர் தேதி படிக்க முடிஞ்சுது, இன்னொண்ணுல முடியல. சீனாவுல இதோட நெருங்கின சொந்தமான பெல்லாமியா ஏருஜினோசாவ ஏரிப் பாசிய குறைக்க முடியுமான்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க.

அதுக்காக சாக்கடையில கொண்டுபோயி விட்டா சுத்தமாயிடும்னு நெனைக்காதீங்க. ஆக்சிஜன் இல்லாத தண்ணில இது செத்துதான் போகும். செவுள் மட்டும்தான்னு சொன்னேன்ல.

நாத்த தின்னுடுமா? மருந்து அடிக்கணுமா?

வேணாம். தயவுசெஞ்சு அடிக்காதீங்க. இது பச்சை நாத்த கடிக்கிற நத்தை இல்ல, தண்டு மேல படிஞ்ச பாசியத்தான் சுரண்டும், அதப் பாத்துட்டு பயிர திங்குதுன்னு நெனச்சுக்குறாங்க. பிலிப்பைன்ஸ், வியட்நாம் பக்கம் நெல்ல அழிக்குற நத்தைன்னு வீடியோல வருதே, அது தென் அமெரிக்காலேர்ந்து 1980-கள்ல திங்கிறதுக்குன்னு கொண்டுவந்து வளத்து, அப்புறம் வயலுக்குள்ள பரவுன பொமேசியா. அது தண்ணிக்கு மேல தண்டுல ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா முட்டை வைக்கும். ரோஸ் முட்டைய எங்கயாவது பாத்தா போட்டோ எடுத்து வேளாண்மை ஆபீஸ்ல காட்டுங்க. வரி நத்தைக்கு அந்தப் பேச்சே இல்ல, அதுதான் முட்டையே வெளிய வைக்காதே.

மேட்டூர் மூடுனா வாய்க்கா காஞ்சு போயிடுதே, அப்ப எங்க போகும்?

மேட்டூர் அணைய ஜூன் 12-ல தொறந்து ஜனவரி 28-ல மூடுறது வழக்கம். ஆக நாலு மாசத்துக்கு மேல வாய்க்கால்ல தண்ணி கிடையாது. தண்ணி கொறைய ஆரம்பிச்சதும் நத்தை பள்ளமான எடமா பாத்து நகரும், சேத்துக்குள்ள பொதையும், மூடிய இழுத்து சாத்திக்கும். உள்ள இருக்குற ஈரத்த வச்சு, சாப்பாடு இல்லாம, மழையோ தண்ணியோ வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கும். எல்லாம் பொழைக்காது. அடிச் சேறு ஈரமா இருந்தாதான் பொழைக்கும், பாளம் பாளமா வெடிச்சு அடிவரைக்கும் காஞ்சுட்டா செத்துடும். மதகு பக்கத்துல கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்குமே ஒரு பள்ளம், கோடைல அதுதான் இதுங்களுக்கு வீடு.

எங்க வாய்க்கால்ல மே மாசம் அந்த மதகுப் பள்ளத்துல கைய விட்டு ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாத்தேன். மேல சூடு, உள்ள ஜில்லுன்னு களி மாதிரி சேறு, அதுல நெல்லிக்காய் பொதச்சு வச்ச மாதிரி நத்தைங்க. ஒண்ண எடுத்து வாளித் தண்ணில போட்டேன், ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல, போச்சுன்னு நெனச்சேன், அப்புறம் மூடி ஒரு நூல் அளவு தொறந்துச்சு, ஒரு கொம்பு வந்துச்சு. பாத்துட்டு அதே எடத்துல பொதச்சிட்டேன்.

அப்ப தூர்வார்றது, காங்கிரீட் போடுறது இதுக்கு கெடுதலா?

தூர்வார்றது வேணாம்னு சொல்ல வரல. தூர்வாரலன்னா கடைமடைக்கு தண்ணி போகாது, அங்க இருக்குறவங்க கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா தூர்வார்றது கோடைலதான் நடக்கும், நத்தை சேத்துக்குள்ள இருக்குறதும் கோடைலதான். பொக்லைன் அள்ளி கரைல கொட்டுற மண்ணுல நத்தையும் போயிடுது, ரெண்டு நாள் வெயில்ல வெந்துடும். மொத்த நீளத்தையும் ஒரே வருஷம் அள்ளாம மதகுப் பள்ளத்த மட்டுமாவது விட்டு வைக்கலாம், செலவே இல்லாத விஷயம் இது. விட்டு வச்ச எடத்துலேர்ந்து மறுபடி பரவிக்கும், மெதுவாத்தான், ஏன்னா முன்னாடி சொன்ன மாதிரி இது கொஞ்சமா குட்டி போடுற ஜாதி.

அடியிலயும் காங்கிரீட் போட்டுட்டா கதை முடிஞ்சுது. பொதைய சேறே இல்ல. எங்க வாய்க்கால்ல மேல் பாதி அப்படி ஆனதுக்கு அப்புறம் அங்க ஒரு உயிருள்ள நத்தை கூட என் கண்ணுல படல, கீழ் பாதில இன்னும் இருக்கு.

உலக அளவுல இது ஆபத்து இல்லாத இனம்னுதான் ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல இருக்கு, உண்மைதான், நாடு முழுக்க ஏராளமா இருக்கு. நான் பேசுறது என் வாய்க்காலப் பத்தி.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ரொம்ப காலமா சாப்பிடுறாங்க. வங்காளத்துல இதுக்கு குக்லின்னு பேர், உருளைக்கிழங்கு போட்டு மசாலாவா செய்வாங்க. மணிப்பூர்ல தரோய். நேபாளத்தோட தெற்கு சமவெளியான தராய்ல தாரு மக்கள் கோங்கின்னு சொல்லி, ஓட்டு வால் நுனிய வெட்டிட்டு ஆளி விதை அரைச்சு ஊத்தி வேகவச்சு வாயால உறிஞ்சித் திம்பாங்க. சீனாவுல லியூசோ ஊர்ல இதே குடும்பத்து ஆத்து நத்தைய கொதிக்க வச்ச சாறுலதான் லுவோசிஃபென் நூடுல்ஸ் செய்யறாங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் பைலாதான் சட்டிக்குப் போகும், கெடச்சா இதையும் சேத்துப்பாங்க.

ஆனா மூணு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. ஒண்ணு, நல்லா வேகணும். நத்தைக்குள்ள ஒட்டுண்ணிப் புழு இருக்கும், எலி நுரையீரல் புழுன்னு ஒண்ணு அரைவேக்காடு நத்தைல மனுஷனுக்குப் போனா மூளை உறையில வீக்கம் வர வைக்கும், வெறும் எண்ணெயில ஒரு பெரட்டு பெரட்டி எறக்குறது பத்தாது, முதல்ல நல்லா கொதிக்க வச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு அப்புறம் கறிய எடுத்து மறுபடி வேகவைக்கணும். ரெண்டு, எந்தத் தண்ணிலேர்ந்து எடுத்ததுன்னு தெரியணும். தண்ணில, சேத்துல இருக்குற உலோகத்தையும் பூச்சிமருந்தையும் நத்தை ஒடம்புல சேத்து வச்சுக்கும், கொதிக்க வச்சாலும் அது போகாது. நொய்யல், பாலாறுன்னு சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்த ஆத்துப் பக்கம் எடுத்து சாப்பிடவே சாப்பிடாதீங்க. மூணு, உயிரோட இருக்குறத மட்டும் எடுங்க. தொட்டா மூடிய இழுத்து சாத்துனா உயிர், மூடி தொங்கி நாத்தம் அடிச்சா தூக்கி எறிஞ்சிடுங்க. செத்த நத்தை நாத்தம் இருக்கே, ஒரு தடவ மோந்தா ஜென்மத்துக்கும் மறக்காது.

ரெண்டு நாள் நல்ல தண்ணில போட்டு வச்சா வயித்துல இருக்குற சேறு வெளிய போயிடும். ஆனா அப்படி வச்சா பாதி நேரம் அந்தப் பாத்திரத்துல குட்டியும் சேந்து கெடக்கும். அத மட்டும் வாய்க்கால்ல விட்டுடுங்க.

மூலத்துக்கு மருந்தா?

நத்தைக் கறி மூலத்துக்கு நல்லதுன்னு நம்ம ஊர்ல பரவலா சொல்லுவாங்க. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள நல்ல சாப்பாடு, அந்த அளவுக்கு உறுதியா சொல்லலாம். ரத்தம் போகுதுன்னா டாக்டரப் பாருங்க.

மாடு ஆட்டுக்கு ஈரல் புழு வர்றது இதாலயா?

இல்ல, இந்தப் பழி இது மேல தப்பா விழுது. மாட்டு ஈரல் தட்டைப்புழுவுக்கு இடைத்தங்கல் கொடுக்குறது லிம்னியான்னு ஒரு மெல்லிசான நத்தை, ஓடு கண்ணாடி மாதிரி, மூடியே இருக்காது. குளத்துல எறங்குனா கால் அரிக்குதே, அதுக்குக் காரணமான புழு வர்றது தட்டையா ராட்டை மாதிரி சுருண்ட இண்டோபிளானார்பிஸ் நத்தைலேர்ந்து, அதுக்கும் மூடி கிடையாது. மூடி இல்லாத நத்தைங்க நிறைய இருந்தா கால்நடை டாக்டர்கிட்ட சொல்லுங்க. குளம் பூரா மயில்துத்தம் கொட்டுறது தீர்வு இல்ல, அது எந்த நத்தைன்னு பாக்காது, மீனையும் சேத்து கொல்லும்.

யாரெல்லாம் இத திங்கிறாங்க?

வாத்து, நண்டு, ஆமை, சில மீனுங்க. நத்தை குத்தி நாரைய வேடந்தாங்கல், கூந்தன்குளம், கரைவெட்டி பக்கம் பாத்திருப்பீங்க, அலகு நடுவுல சந்து இருக்கும். அதோட முக்கியமான சாப்பாடு பைலா, வரி நத்தையும் மாட்டுனா விடாது.

மீன் தொட்டில வளக்கலாமா?

தாராளமா. செடிய கடிக்காது, ஒரேயடியா பெருகாது. ஆனா புதுசா வச்ச பளபளன்னு இருக்குற தொட்டில விடாதீங்க, பாசி இல்லாம பட்டினி கெடக்கும். ஒரு ரெண்டு மாசம் ஓடுன தொட்டியா இருக்கணும். ஆர்ஓ தண்ணி வேணாம், ஓடு கரையும், போர் தண்ணி இல்லன்னா வாய்க்கா தண்ணியே நல்லது. முட்டை ஓட்ட கழுவி நொறுக்கிப் போட்டா சுண்ணாம்பு கெடைக்கும்.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம், தாமிரம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்துச்சுன்னு கடைல கொடுத்த மருந்த பாட்டில் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்காம ஊத்திட்டேன். சாயங்காலம் எல்லா நத்தையும் மூடிய சாத்திக்கிட்டு கீழ உருண்டுச்சு, மூணாம் நாள் பதினோரு நத்தையும் செத்துப்போச்சு, ரெண்டு வருஷமா என்கிட்ட இருந்த பெரிய பொண்ணும் அதுல ஒண்ணு. மருந்துல காப்பர்னு ஒரு வார்த்தை இருந்தாலே நத்தைய வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு ஊத்துங்க, தண்ணிய முழுசா மாத்துனதுக்கு அப்புறம்தான் திருப்பி விடணும்.

ஓட்டு நுனி வெள்ளையா தேஞ்சு போயிருக்கே, நோயா?

பெரும்பாலும் இல்ல. நுனிதான் ஓட்டுலயே பழைய பாகம், குட்டியா இருந்தப்போ கட்டுனது. மேல்தோல் உரிஞ்சதும் சுண்ணாம்பு கரைய ஆரம்பிக்கும். வாய்ப்பக்கம் புதுசா வளர்ற ஓரம் மெல்லிசா பச்சையா இருந்தா நத்தை நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்த ஓரமும் வெள்ளையா பொடிஞ்சாதான் தண்ணிய கவனிக்கணும்.

கண்ணு தெரியுமா?

தொல்காப்பிய மரபியல்ல நந்த ஈரறிவு உயிர்ல வச்சிருக்காங்க, தொடு உணர்ச்சியும் சுவையும் மட்டும். நகர்ற நத்தைய பாத்து யோசிச்சு வகுத்த மனுஷங்க அவங்க, அந்த அக்கறைய நெனச்சா எனக்கு மரியாதை வருது. இப்ப நமக்குத் தெரிஞ்ச வரைக்கும் கொம்போட அடிப்பக்கம் ஒரு சின்ன மேட்டுல கருப்புப் புள்ளியா கண்ணு இருக்கு, வெளிச்சம் நிழல் தெரியும், ஜாடி மேல கைய ஆட்டுனா சில நேரம் உள்ள இழுத்துக்கும். தண்ணில இருக்குற வாசனைய அறியவும் செவுள் பக்கம் தனியா ஒரு உறுப்பு இருக்கு.

இதப் பத்தி யாராவது ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?

நூறு வருஷத்துக்கு முன்னாடியே. ஜூவலாஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா 1916-ல ஆரம்பிச்சப்போ முதல் டைரக்டரா இருந்த அன்னண்டேலும், கூட வேலை பாத்த சிவெல்லும் சேந்து 1921-ல இந்த ஒரு நத்தைய பத்தியே தனியா எழுதியிருக்காங்க.

குட்டி போடுறத நேர்ல பாக்கணும், எப்படி?

ஜூன்ல தண்ணி வந்து ஒரு மாசம் கழிச்சு வாய்க்காலுக்குப் போங்க. ரெண்டு கொம்பும் ஒரே மாதிரி இருக்குற பெரிய நத்தையா ரெண்டு எடுங்க, ஆண் வேணும்னு இல்ல, பொண்ணு நத்தை விந்த உள்ளயே சேத்து வச்சிருக்கும். அகலமான கண்ணாடி பாட்டில்ல அதே வாய்க்கா தண்ணி, ஒரு பிடி சேறு, பாசி பிடிச்ச ஒரு கல்லு. நேரடி வெயில் படாத ஜன்னல்ல வைங்க. பெரும்பாலும் காலைல எந்திரிச்சு பாக்கும்போதுதான் குட்டி கண்ணாடில ஒட்டிக்கிட்டு இருக்கும், பொறக்குறத நானே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். தாய் அசையாம நின்னுச்சு, ஓட்டு வாயோட வலது ஓரத்துலேர்ந்து ஒரு உருண்டை மெதுவா வெளிய தள்ளுச்சு, மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு சவ்வு. அது அப்படியே சேத்துல விழுந்து கொஞ்ச நேரம் கெடந்துச்சு, அப்புறம் பொடி மூடி தொறந்து, முடி மாதிரி ரெண்டு கொம்பு வந்துச்சு, தாய் நகந்து போன தடத்துலயே அதுவும் சுரண்டித் திங்க ஆரம்பிச்சுது. நாலஞ்சு நாள் பாத்துட்டு எல்லாத்தையும் எடுத்த எடத்துலயே கொண்டுபோயி விட்டுடுங்க.